மேல்வெட்டுக்கு எந்தக் கண்ணாடி?

"இந்த வருஷம் எது ஓடும்?" என்று கேட்காமல் மூக்குக் கண்ணாடி வியாபாரத்தில் யாரும் சரக்கு எடுப்பதில்லை. நானும் கேட்கிறேன். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் இருக்கும் எங்கள் குடும்பக் கடையில் கண் சோதிப்பதும் பவர் எழுதுவதும் தம்பியின் வேலை. அவன் அதற்குப் படித்துப் பதிவு பெற்றவன். 1991ஆம் ஆண்டின் ஆப்டிக்கல் சட்டப்படி பதிவில்லாதவர் அதில் கை வைக்க முடியாது. எந்த ஃபிரேம், என்ன அளவு, என்ன நிறம், எத்தனை என்று முடிவு செய்து காசைப் போடுவது என் வேலை. ஈப்போவிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் மொத்த வியாபாரிகளின் ஆட்கள் சாம்பிள் பெட்டியோடு வருவார்கள். பெட்டியைத் திறப்பதற்கு முன்பே பதில் வந்துவிடும்: இந்த வருஷம் பெரிய ஃபிரேம், இந்த வருஷம் தண்ணி மாதிரி தெளிவான அசிட்டேட் பிளாஸ்டிக், இந்த வருஷம் விளிம்பில்லாதது திரும்ப வருது. அந்தப் பதில் பொய்யில்லை. ஆனால் யாருடைய முகத்தைப் பார்த்துச் சொன்ன பதில் அது என்ற கேள்வி ரொம்ப நாளாக என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

எங்கள் கடைக்கு வருகிறவர்கள் யார் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தோட்டத்தை விட்டுத் தாமான் என்கிற வீடமைப்புப் பகுதி வீட்டுக்கு வந்துவிட்டவர்கள், வந்த பிறகும் விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் போய் யாருடைய சின்னத் தோட்டத்திலோ விளைச்சலில் பாதிக்குப் பாதி என்று ரப்பர் பால் வெட்டுகிறவர்கள், செம்பனையில் (எண்ணெய்ப் பனையில்) குலை அறுக்கிறவர்கள், ஈப்போ பக்கத் தொழிற்சாலைக்கு வேன் ஏறுகிற பெண்கள், தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள், அவர்களின் ஆசிரியர்கள். சீனர்களும் மலாய்க்காரர்களும் வருகிறார்கள். உள்ளே மலைப்பக்கத்திலிருந்து தெமியார் பழங்குடி மக்கள் வருகிறார்கள். இப்போது வங்காளதேசத்துத் தோட்டத் தொழிலாளர்களும் வருகிறார்கள். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளி (ரிங்கிட்) ஆனது. அந்தச் சம்பளத்திலிருந்து ஒருவர் கண்ணாடிக்கு எடுத்து வைக்கும் காசு, திரும்பத் திரும்ப எடுத்து வைக்கக்கூடிய காசு இல்லை. ஒரு தடவை வாங்கினால் மூன்று நான்கு வருஷம் அதுதான். அதனால் நான் தப்பாகச் சரக்கு எடுத்தால் அது என் அலமாரியில் தூங்குகிற பிரச்சினை மட்டுமில்லை, அவர்களின் மூக்கில் சில வருஷம் உட்கார்ந்து தொல்லை கொடுக்கிற பிரச்சினை.

போக்கு எங்கிருந்து வருகிறது

பிப்ரவரி வாக்கில் மிலானில் மீடோ கண்காட்சி. செப்டம்பர் வாக்கில் பாரிஸில் சில்மோ. அக்டோபரில் தோக்கியோவில் ஒன்று, நவம்பரில் ஹாங்காங்கில் ஒன்று. மீடோ 1970 முதல் நடக்கிறது. அங்கே வைக்கப்படுகிற வடிவங்களை வாங்குகிறவர்கள் பார்க்கிறார்கள், பத்திரிகைகள் எழுதுகின்றன, சீனாவில் வென்சோவிலும் ஷென்செனிலும் உள்ள தொழிற்சாலைகள் அதே சாயலில் மலிவு விலையில் அடிக்கின்றன, அப்புறம் கோலாலம்பூர் கிட்டங்கி வழியாக எங்களுக்கு வருகின்றன. மிலானில் பார்த்த வடிவம் சுங்கை சிப்புட் கண்ணாடி அலமாரிக்கு வர ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகும். முன்பு இன்னும் தாமதமாகும். இப்போது கைப்பேசியில் பார்த்துவிட்டுப் பிள்ளைகளே வந்து கேட்பதால் இடைவெளி சுருங்கிவிட்டது.

மேலே போகப் போக கைகள் குறைவு. லியோனார்டோ தெல் வெக்கியோ 1961இல் இத்தாலியின் அகோர்டோ என்ற மலை ஊரில் தொடங்கிய லக்ஸோட்டிக்கா, 2018இல் பிரான்சின் எசிலோருடன் சேர்ந்தது. ஃபிரேமும் லென்ஸும் சில்லறைக் கடைகளும் ஒரே கையில். ரேபானும் ஓக்லியும் அவர்களுடையது. உடை, கைப்பை விற்கிற ஆடம்பரக் குழுமங்கள் தங்கள் பெயரைப் பிறருக்கு வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த காலம் போய், கெரிங் 2014இல் தனக்கென்று ஒரு கண்ணாடிப் பிரிவைத் தொடங்கி 2021இல் டென்மார்க்கின் லிண்ட்பெர்க்கை வாங்கியது, மறு வருஷம் மாவி ஜிம்மை வாங்கியது. இன்னொரு ஆடம்பரக் குழுமமான எல்விஎம்எச் 2017இல் தெலியோஸ் என்ற கண்ணாடி நிறுவனத்தை ஏற்படுத்தியது. சில்லறைப் பக்கம் பார்த்தால், ஜப்பானின் ஓன்டேஸ் கண்ணாடிக் கடைத் தொடரில் பெரும்பங்கை இந்தியாவின் லென்ஸ்கார்ட் 2022இல் வாங்கிக்கொண்டது. ஃபிரேம் விலையிலேயே லென்ஸும் அடக்கம், அன்றைக்கே கையில் கிடைக்கும் என்கிற முறையை ஈப்போ பேரங்காடியில் பார்த்துவிட்டு எங்கள் கடைக்கு வருகிறவர்கள், "லென்ஸுக்குத் தனிக் காசா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். எங்களைப் போன்ற கடைகள் விலையை இரண்டாக உடைத்துச் சொல்வதை விட்டு மொத்தமாகச் சொல்ல ஆரம்பித்ததற்கு அவர்கள்தான் காரணம்.

இவ்வளவு பெரிய சக்கரம் சுற்றும்போது, ஒரு தோட்டப்புற ஊரின் கொள்முதல்காரி வேறு ஒன்றைக் கேட்டால் கிடைக்குமா? கிடைக்கும். ஆனால் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். போக்கு அறிக்கைகள் வடிவத்தையும் நிறத்தையும் பேசுகின்றன. மூக்கைப் பற்றி ஒரு வரி வந்தாலே அதிசயம்.

கம்பிக்குள் எழுதியிருக்கும் எண்கள்

எந்த ஃபிரேமின் காதுக் கம்பியையும் திருப்பிப் பார்த்தால் உட்பக்கத்தில் 52, 18, 140 என்பது போல மூன்று எண்கள் இருக்கும். முதலாவது ஒரு லென்ஸின் அகலம், இரண்டாவது இரண்டு லென்ஸுக்கும் நடுவே மூக்குக்கு விட்ட இடைவெளி, மூன்றாவது கம்பியின் நீளம். எல்லாம் மில்லிமீட்டர். சரக்கு எடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது நடு எண். ஆனால் அந்த எண் பாதிக் கதையைத்தான் சொல்கிறது. மூக்குத்தண்டு எந்த உயரத்தில் எழும்புகிறது, பக்கவாட்டில் எவ்வளவு சரிகிறது என்பதை எந்த எண்ணும் சொல்வதில்லை. ஐரோப்பிய முகத்தை வைத்து வார்த்த அசிட்டேட் ஃபிரேமில் மூக்குத் தாங்கி ஃபிரேமோடு ஃபிரேமாக ஒட்டியே இருக்கும், தாழ்வாகவும் இருக்கும். தண்டு தாழ்ந்த மூக்கில் அது உட்கார இடமில்லாமல் வழுக்கி, கீழ் விளிம்பு கன்னத்தில் போய் நிற்கும். சிரித்தால் கண்ணாடி மேலே ஏறும். வியர்த்தால் இறங்கும். லென்ஸின் மையம் கண்மணிக்கு நேராக இல்லாமல் போய்விடும். மேலே தூரத்துக்கும் கீழே படிப்பதற்கும் பவர் படிப்படியாக மாறுகிற புரோகிரசிவ் லென்ஸ் போட்டவருக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் இறங்கினாலே படிக்கும் பகுதி எட்டாது. தம்பி எவ்வளவு சரியாகப் பவர் எழுதினாலும் அங்கே வீணாகிறது.

இதற்காக "ஆசியன் ஃபிட்" என்றும் "லோ பிரிட்ஜ்" என்றும் தனி வரிசை இப்போது நிறைய வருகிறது. கடந்த சில வருஷங்களில் இந்த வியாபாரத்தில் நடந்த நல்ல விஷயங்களில் இதை முதலில் சொல்வேன். ஆனாலும் ஒரே வார்ப்பில் ஆசியா முழுக்க அடங்காது. எங்கள் கடையில் ஒரே காலையில் சீன அங்கிள் ஒருவரின் மூக்கும், தமிழ்ப் பாட்டி ஒருவரின் மூக்கும், தெமியார் பையன் ஒருவனின் மூக்கும் வரும். தமிழ் முகங்களில் தண்டு எடுப்பாக இருந்து அடி அகன்ற மூக்கு உண்டு, தண்டே தாழ்ந்ததும் உண்டு. முகம் அகலமாக இருந்து கண்கள் நெருங்கி இருப்பவர்கள் உண்டு. அதனால் ஒட்டிப்போன மூக்குத் தாங்கி உள்ள அசிட்டேட்டை நான் குறைத்துக்கொண்டே வருகிறேன். கம்பியில் நிற்கிற, இடுக்கியால் வளைத்துச் சரிசெய்யக்கூடிய சிலிக்கான் தாங்கி உள்ளவற்றை அதிகம் எடுக்கிறேன். ஃபேஷன் குறைவு என்று விற்பனையாளர் சொல்வார். இப்போது அசிட்டேட் முகப்பில் உலோகத் தாங்கி வைத்த கலப்பு வகையும் வருகிறது. இரண்டு தேவைக்கும் அது சரியாக இருக்கிறது.

நிறத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை யாரும் பேசுவதில்லை. தெளிந்த அசிட்டேட் போக்கில் அதிகம் அடிக்கப்படுவது சாம்பல் கலந்த நிறமும் வெளிர் ரோஜா நிறமும். கறுத்த தோலில் அந்தச் சாம்பல் முகத்தைச் சோர்வாகக் காட்டுகிறது. அதே வடிவத்தைத் தேன் நிறத்திலோ, ஒளி ஊடுருவுகிற ஆமையோட்டு நிறத்திலோ, அடர்ந்த ஒயின் சிவப்பிலோ போட்டுப் பார்த்தால் முகம் எழுந்து நிற்கிறது. எங்கள் பெண்கள் கண்ணாடியை மாட்டி நிலைக்கண்ணாடி முன்னால் நின்று, "கறுப்பா இருக்கேன், எனக்கு எதுவும் ஒத்து வராது" என்று சொல்லும்போது எனக்கு மனசு கொதிக்கும். ஒத்து வராதது அவர்கள் முகம் இல்லை. அவர்களை நினைத்துப் பார்க்காமல் ஒருவர் நிறம் தேர்ந்தெடுத்து அனுப்பியிருக்கிறார். தேன் நிறம் ஒரு டசன் கேட்டால் இருப்பில் இல்லை என்பார்கள். விடாமல் கேட்டால் அடுத்த மாதம் வரும்.

பொருள் விஷயத்தில் எங்கள் சீதோஷ்ணம்தான் நீதிபதி. தேங்காய் எண்ணெயும் வியர்வையும் பட்டுப் பட்டு மலிவான அசிட்டேட் வெளுத்துப் போகும். நிக்கல் கலந்த உலோகம் மூக்கோரத்தில் பச்சை பூக்கும். சிலருக்கு அரிப்பு எடுக்கும். டைட்டானியத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. ஜப்பானின் ஃபிரேம்களில் பத்தில் ஒன்பது ஃபுக்குயி மாநிலத்துச் சபாயே ஊர்ப்பக்கம்தான் உருவாகின்றன. 1905இல் விவசாயம் இல்லாத பனிக்காலத்துக்கு ஒரு தொழில் வேண்டும் என்று அங்கே தொடங்கிய வேலை அது. நல்ல டைட்டானியத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டுமென்றால் அந்த ஊர்ச் சரக்கைத்தான் தொட வேண்டும். ஆனால் எங்கள் ஆட்களின் கைக்கு எட்டுவது டிஆர்90 என்கிற நைலான் வகை. எடை குறைவு, வளைத்தால் உடையாது, வியர்வைக்கு அஞ்சாது. இளையவர்கள் அதைப் பிளாஸ்டிக் என்று ஒதுக்குவார்கள். தோட்ட வேலைக்கு அதை விட நல்லது நான் பார்த்ததில்லை.

அக்காவின் மூன்று மரங்கள்

இதெல்லாம் எனக்குத் தனித்தனிச் செய்திகளாகத்தான் இருந்தன, பால் வெட்டும் ஒரு அக்கா கடைக்கு வரும் வரை. ஐம்பதைத் தாண்டியவர். அவர் வேலை செய்த தோட்டம் துண்டு துண்டாக விற்றுப்போய் வீடமைப்பு வந்துவிட்டது; அவர் இன்னும் வேறொருவரின் மரங்களில் வெட்டுகிறார். போன தீபாவளிக்கு மகள் நகரத்து பேரங்காடியில் ஒரு கண்ணாடி வாங்கிக் கொடுத்திருந்தாள். மேல் பாதி தூரத்துக்கு, கீழே பாதிநிலா மாதிரி துண்டு படிப்பதற்கு, பைஃபோக்கல். ஃபிரேம் அந்த வருஷத்துப் போக்குப்படி பெரியது, தடிமனான அசிட்டேட், அழகானது. "இத கொஞ்சம் இறுக்கிக் குடு தங்கச்சி, மரத்துக்கிட்ட நிக்க மாட்டேங்குது" என்றார். தம்பி சோதித்துப் பார்த்தான். தூரத்துக்குப் பவரே இல்லை, கிட்டத்துக்கு இரண்டு. லென்ஸில் பிழை இல்லை. கம்பியைச் சூடாக்கி வளைத்துக் கொடுத்தோம். மறுவாரம் திரும்ப வந்தார். "எழுத்து நல்லா தெரியுது. நான் எழுத்து படிக்கிறதுக்கா கேட்டேன்? மரம் காயப்படுது, அதுக்குத்தானே கேட்டேன்."

பால் வெட்டுவதை அருகிலிருந்து பார்த்திருக்கிறவர்களுக்கு அந்த வேலையின் நுட்பம் தெரியும். ஒரு வெட்டுக்கு ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குத்தான் பட்டை போக வேண்டும். ஆழமும் அப்படித்தான்: பால் குழாய்கள் உள்பட்டையில் இருப்பதால் கத்தி உள்ளே போக வேண்டும், ஆனால் மரம் வளர்கிற அந்த மெல்லிய படலத்தைத் தொட்டுவிடக் கூடாது, ஒரு மில்லிமீட்டர் அளவுக்குப் பட்டையை விட்டு நிறுத்த வேண்டும். தொட்டால் அந்த இடத்தில் புதுப்பட்டை முடிச்சு முடிச்சாக வளரும், அடுத்த சுற்றில் அங்கே கத்தி ஓடாது. இத்தனையும் விடியாத இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில். நாற்பது வயதுக்கு மேல் எல்லாருக்கும் கிட்டத்தில் பார்க்கும் தெளிவு குறைகிறது. அம்பது வயசில் கண்ணாடி இல்லாமல் இதைச் செய்கிறவர்கள் கை நினைவில் செய்கிறார்கள்.

ஒரு காலையில் அவரோடு போனேன். முதல் மரத்தில் வெட்டு முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது. அவர் குனிந்ததும் கண்ணாடி மூக்கு நுனிக்கு ஓடியது. தடித்த காதுக் கம்பியின் மேல் நெற்றி விளக்கின் பட்டை அழுத்திக்கொண்டிருந்ததால் காதுக்குப் பின்னால் பிடிப்பே இல்லை. இரண்டாவது மரத்தில் வெட்டு நெஞ்சுயரம். அங்கே எல்லாம் சரியாக இருந்தது. கீழ்த்துண்டு வழியாகப் பார்த்து ஒரே இழுப்பில் சுற்றி வந்தார், பட்டைச் சீவல் சீராக விழுந்தது. மூன்றாவது மரத்தில் கீழ்ப்பட்டை தீர்ந்துபோய் மேல்வெட்டு. வெட்டு அவர் தலைக்கு மேலே. கத்தியை உயர்த்தியவர் தலையைப் பின்னால் சாய்த்தார், இன்னும் சாய்த்தார், பிடரி மடிகிற அளவுக்குச் சாய்த்தும் அந்தக் கீழ்த்துண்டு வெட்டுக்கு நேராக வரவில்லை. அண்ணாந்து பார்ப்பவருக்கு லென்ஸின் மேல் பாதிதான் கிடைக்கும், அதில் கிட்டத்துப் பவர் இல்லை. கடைசியில் இடது கையால் கண்ணாடியை நெற்றிப் பக்கம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இரண்டு கையும் வேண்டிய வேலையை ஒற்றைக் கையால் முடித்தார். கீழ்வெட்டுகளில் தீபாவளிக்குப் பிறகு வெட்டிய பட்டை சுத்தமாக இருந்தது. மேல்வெட்டு மரங்களில் மட்டும் வெட்டுக் கோட்டை ஒட்டி வரிசையாகக் காயம்.

அந்த மரத்தடியில்தான் என் மனதில் கிடந்த கேள்விக்கு ஒரு முகம் கிடைத்தது. அந்தக் கண்ணாடியில் தரக் குறைவு எதுவும் இல்லை. பவர் சரி, ஃபிரேம் நல்ல ஃபிரேம், மகளின் அன்பும் அதில் இருக்கிறது. ஆனால் அதை வடிவமைத்தவரிலிருந்து விற்றவர் வரை எல்லாரும் கிட்டத்துப் பார்வை என்றால் மடியில் வைத்த பத்திரிகை, கையில் வைத்த கைப்பேசி என்றே நினைத்திருக்கிறார்கள். உழைக்கிற ஆளுக்குக் கிட்டம் தலைக்கு மேலேயும் இருக்கும், முழங்காலுக்குக் கீழேயும் இருக்கும்.

தம்பி மரத்துக்கும் கண்ணுக்கும் உள்ள தூரத்தை அளக்கச் சொன்னான். கை நீட்டி வெட்டுவதால் அறுபது சென்டிமீட்டரை ஒட்டி வந்தது. அந்தத் தூரத்துக்குப் படிக்கும் பவர் கூடுதல். அதைக் குறைத்து, லென்ஸ் முழுக்க ஒரே பவராகப் போட்டான். எங்கே பார்த்தாலும், மேலோ கீழோ, வெட்டு தெரியும். ஃபிரேமுக்கு நான் 48 அளவில் சின்னதாக ஒரு டிஆர்90 எடுத்தேன், சிலிக்கான் தாங்கி, மெல்லிய கம்பி, ஸ்பிரிங் கீல், பின்னால் ஒரு கயிறு. மரத்துக்கு மரம் நடக்கும்போது தூரம் மங்கும், வேர் தடுக்கும், பாம்பு கிடக்கும்; அப்போது கழற்றி மார்பில் தொங்கவிட வேண்டியதுதான். முழுமையான தீர்வு இல்லை. ஆனாலும் அப்புறம் பார்த்தபோது மேல்வெட்டில் புதிய கோடுகள் சுத்தமாக இருந்தன. மகள் வாங்கிக் கொடுத்ததை அக்கா கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போட்டுக்கொள்கிறார். அதில் அவர் முகம் நன்றாகவே இருக்கிறது.

கண்ணாடியும் கூலியும்

அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் செய்த ஓர் ஆய்வு 2018இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்தது. நாற்பது வயதைத் தாண்டிய 751 கொழுந்து பறிப்பவர்களில் ஒரு பகுதியினருக்கு உடனே கிட்டத்தில் பார்ப்பதற்கான கண்ணாடி கொடுத்தார்கள், மற்றவர்களுக்கு ஆய்வு முடிந்த பிறகு. கண்ணாடி கிடைத்தவர்கள் நாளுக்குச் சராசரி 25 கிலோ பறித்துக்கொண்டிருந்தவர்கள் 35 கிலோவை நெருங்கினார்கள். கிடைக்காதவர்கள் 26 கிலோவிலிருந்து 30.6க்கு வந்தார்கள், பருவம் ஏறும்போது எல்லாருக்கும் கூடும். அந்த இயல்பான ஏற்றத்தைக் கழித்தாலும் கண்ணாடியால் மட்டும் கூடியது ஏறத்தாழ 22 சதவீதம். 2024இல் வங்காளதேசத்தில் இதே போல ஒன்று செய்தார்கள்; கண்ணாடி கிடைத்தவர்களின் வருமானம் மூன்றில் ஒரு பங்கு உயர்ந்தது. இது விலை உயர்ந்த கண்ணாடி இல்லை, சாதாரணப் படிப்புக் கண்ணாடி. உலகத்தில் 80 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு அது கூட இல்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். இதற்காகவே 2024 மே மாதத்தில் ஸ்பெக்ஸ் 2030 என்ற திட்டத்தைத் தொடங்கியிருக்கிறது.

எடைக்குக் கூலி வாங்குகிறவர்களின் பேரப்பிள்ளைகளாகிய நாம் இதைப் படித்துவிட்டு எப்படிக் கடந்து போவது? எங்கள் பாட்டிமார் நாற்பத்தைந்து வயதில் "கண்ணு போச்சு" என்று வெட்டை விட்டுக் களை எடுக்கப் போனார்கள். கண் போகவில்லை. சின்னதாக ஒரு லென்ஸ் இல்லை, அவ்வளவுதான். இந்த ஆய்வுகளை நான் எந்த மொத்த வியாபாரியின் போக்கு அறிக்கையிலும் பார்த்ததில்லை. நாற்பதைத் தாண்டிய உழைப்பாளிகள் நம்முடைய சந்தையின் பெரும்பகுதி. அவர்கள் பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் பத்து வெள்ளிக்கு இரண்டு கண்ணிலும் ஒரே பவர் உள்ள ரெடிமேட் கண்ணாடி வாங்கிக்கொள்கிறார்கள், ஏனென்றால் நம் அலமாரியில் அவர்களைப் பார்த்து வாங்கி வைத்த எதுவும் இல்லை.

பிள்ளைகள் பக்கம் போக்கு நல்ல திசையில் போகிறது. ஹாங்காங் பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தோடு ஹோயா உருவாக்கிய மையோஸ்மார்ட் லென்ஸ் 2018இல் வந்தது. எட்டிலிருந்து பதின்மூன்று வயதுப் பிள்ளைகளிடம் செய்த இரண்டு வருஷச் சோதனையில், சாதாரண லென்ஸை விடப் பவர் ஏறும் வேகத்தைப் பாதிக்கு மேல் குறைத்தது. எசிலோரின் ஸ்டெலெஸ்டும் இதே நோக்கம் கொண்டது. விலை பல நூறு வெள்ளி. பிள்ளைக்கு வருஷா வருஷம் பவர் ஏறுகிறதென்றால், பெற்றோர் ஃபிரேமில் மிச்சம் பிடித்தாவது இதைப் பற்றிக் கேட்க வேண்டும். அதனால் பிள்ளைகள் ஃபிரேமில் நான் பிராண்டைத் தேடுவதே இல்லை. மலிவாக, உறுதியாக, மூக்கில் அசையாமல் நிற்பதாக எடுக்கிறேன். இந்த லென்ஸ்களுக்கு மையம் தப்பக் கூடாது, வழுக்குகிற ஃபிரேமில் போட்டால் காசு தண்டம்.

நீல ஒளி தடுக்கும் லென்ஸைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். 2023இல் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு 17 சோதனைகளை அலசிவிட்டு, கணினி பார்ப்பதால் வரும் கண் சோர்வை அது குறைப்பதாகத் தெரியவில்லை என்று சொன்னது. எங்கள் கடையில் அதற்குத் தனிக் காசு கேட்பதில்லை. ஸ்மார்ட் கண்ணாடிதான் இன்றைக்குப் பெரிய பேச்சு. ரேபான் மெட்டா 2023 அக்டோபரில் வந்து இருபது லட்சத்துக்கு மேல் விற்றிருக்கிறது. கூகுள் 2025இல் கொரியாவின் ஜென்டில் மான்ஸ்டரோடும் அமெரிக்காவின் வார்பி பார்க்கரோடும் கை கோத்திருக்கிறது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பையன்கள் வாங்கி வந்து பவர் லென்ஸ் போட்டுத் தரச் சொல்கிறார்கள், தம்பி போட்டுக் கொடுக்கிறான். எங்கள் முதலீட்டை அதில் போட எனக்கு விருப்பமில்லை. அந்தப் பணத்துக்கு இங்கே அவசர வேலை இருக்கிறது.

இப்போது கேட்டுக்கொண்டிருப்பது

சரி, போக்கை அடியோடு விட்டுவிட்டேனா என்றால் இல்லை. கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்குப் பெரிய தெளிந்த ஃபிரேம் வேண்டும், அவளுக்கு அது வேண்டும் என்பதே போதும். தொண்ணூறுகளின் மெல்லிய உலோக நீள்வட்டம் திரும்பி வந்ததில் எனக்குச் சந்தோஷம்கூட. கம்பித் தாங்கி உள்ள வடிவம் அது, எங்கள் மூக்குகளுக்குத் தானாகவே ஒத்துப்போகிறது. அலமாரியின் முன்பக்கம் அவர்களுக்கு. ஆனால் சரக்குப் பணத்தின் பெரும்பகுதி இப்போது 46லிருந்து 50 வரையிலான டிஆர்90, மலிவான டைட்டானியம், கயிறு மாட்டும் துளையுள்ள கம்பி, தேன் நிறம், ஒயின் நிறம் ஆகியவற்றுக்குப் போகிறது. வருகிற ஒவ்வொருவரிடமும் பவருக்கு முன்னால் தம்பி கேட்கும் கேள்வியும் மாறிவிட்டது: என்ன வேலை, எந்தப் பக்கம் பார்த்துச் செய்கிறீர்கள்? குலை அறுப்பவர் அண்ணாந்து பார்க்கிறார், ஆனால் அது தூரம், புரோகிரசிவ் அவருக்கு ஒத்துவரும். மேலிருந்து விழும் தூசுக்குத்தான் வளைந்த பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். மின்வேலைக்காரர், மோட்டார் பட்டறையில் காருக்கு அடியில் படுப்பவர், கடையில் மேல்தட்டுச் சாமானின் விலை பார்ப்பவர் எல்லாரும் மேல்வெட்டு அக்காவின் கட்சி.

இவர்களுக்கென்று ஒரு லென்ஸ் இருக்கிறது. கீழே ஒரு துண்டு, மேலே ஒரு துண்டு, இரண்டிலும் கிட்டத்துப் பவர், நடுவில் தூரத்துக்கு. மின்வேலைக்காரர்களுக்கும் விமானிகளுக்கும் வெளிநாட்டில் பல காலமாகப் போடுகிறார்கள். கயிறு போட்டுத் தொங்கவிடும் தொல்லை இல்லை. போட்டுக்கொண்டே மரத்துக்கு மரம் நடக்கலாம். நான் விசாரித்த மொத்த வியாபாரிகள் யாரும் இருப்பில் வைப்பதில்லை. ஒன்று இரண்டுக்கெல்லாம் வெளிநாட்டிலிருந்து தருவிக்க முடியாது, வந்தாலும் விலை கட்டுப்படியாகாது, ஒரு கணிசமான எண்ணிக்கை சேர்ந்தால் பார்க்கலாம் என்கிறார்கள். அவர்கள் சொல்வதும் கணக்குத்தான்.

தைப்பிங், கோல கங்சார், பீடோர், தாப்பா, தெலுக் இந்தான், அப்புறம் கெடா பக்கம் லூனாஸ், கூலிம் என்று தோட்டத்து ஆட்கள் வந்துபோகிற கண்ணாடிக் கடைகள் எத்தனையோ இருக்கின்றன. உங்கள் கடைக்கும் இப்படி அண்ணாந்து கிட்டத்தில் வேலை செய்கிறவர்கள் வருவார்கள். தூரத்துப் பவர், கிட்டத்துப் பவர், கண்ணுக்கும் வேலைக்கும் உள்ள தூரம் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள். ஆள் பெயர் வேண்டாம், அளவு போதும். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே ஆர்டராக அடுத்த கொள்முதலுக்குள் கொடுத்துப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். ஒரு டசன் எங்கள் கடைக்கு என்று முதலில் எழுதிவிட்டேன், அதில் முதல் ஜோடி அக்காவுக்கு.